சுரங்கம் தோண்டும்போது மேலே உள்ள கட்டடம் நகர்ந்தால் எப்படித் தெரியும்?

தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஜோகன்னஸ்பர்க்கில் கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலுக்குத் தோண்டியது போல ஊருக்கு அடியில் சுரங்கம் போனால், மேலே இருக்கும் கட்டடத்தை யார் கவனிப்பார்கள்?

பெரும்பாலும் கருவிதான். சுவர்களில் சின்னச் சின்னக் கண்ணாடிப் பிரிசங்களைப் பொருத்துவார்கள். மோட்டார் வைத்த டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி ராப்பகலாக ஒவ்வொன்றாகக் குறிபார்த்துக் கோணமும் தூரமும் அளக்கும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே தெரிந்துவிடும். சரி, கருவி நிற்கும் இடமே அமிழ்ந்தால்? அதற்காகத்தான் தோண்டும் பகுதிக்கு வெளியே, அசையாத இடத்திலும் சில பிரிசங்கள். அவற்றைப் பார்த்துக் கருவி தன் இடத்தையே சரிபார்த்துக்கொள்ளும்.

தோண்டத் தொடங்கும் முன்பே அளக்க ஆரம்பிக்க வேண்டும், என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்து வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் சுவர் சும்மாவே அசையும். அது தெரியாவிட்டால் வீண் அலாரம்தான். கட்டடம் மொத்தமும் சமமாக இறங்கினால் பெரிய சேதமில்லை. ஒரு மூலை மட்டும் இறங்கினால்தான் விரிசல். நகர்வு, முன்பே குறித்த எல்லையைத் தாண்டியதும் பொறியாளரின் போனுக்குச் செய்தி போய்விடும்.