லுத்தர் ஏழை வீட்டுப் பிள்ளையா?

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தர் ஒரு சுரங்கக் கூலியின் மகன், தெருவில் பாடி ரொட்டி வாங்கித் தின்று படித்தவர் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். வீட்டிலும் அடி, பள்ளியிலும் அடி. அந்த வறுமையும் அடியும்தான் பிற்பாடு அவரைப் போப்புக்கு எதிராகத் திருப்பின என்று அண்மையில் ஒரு உரையில் கேட்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், மயிலாடுதுறை

அன்புள்ள நண்பருக்கு,

அடி உண்மை. ஒரே ஒரு கொட்டைக்காக அம்மா ரத்தம் வரும்வரை அடித்ததை லுத்தரே பிற்காலத்தில் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் காலத்தில் அடி வாங்காமல் வளர்ந்த பிள்ளை யார்? அத்தனை பேரும் போப்போடு மல்லுக்கு நிற்கவில்லையே.

வறுமைக் கதைதான் இடிக்கிறது. 1483-இல் ஜெர்மனியின் ஐஸ்லேபென் ஊரில் லுத்தர் பிறந்தார். மறு வருஷமே அப்பா ஹான்ஸ் மான்ஸ்ஃபெல்டுக்குக் குடிபெயர்ந்து, பிறகு செம்பு உருக்கும் உலைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். கடன் இருந்தது, ஆனால் அவர் கூலி அல்ல, முதலாளி. அந்த வீட்டின் பழைய குப்பைக்குழியை 2003-இல் தோண்டியபோது இறைச்சி தின்ற எலும்புகளும், பெண்களின் விழாக்கால உடையில் தைக்கும் அலங்காரங்களும், பிள்ளைகள் ஆடிய களிமண் கோலிகளும் கிடைத்தன. தெருவில் பாடி ரொட்டி வாங்குவது அன்று பள்ளிப் பையன்களின் வழக்கம். வசதியான வீட்டுப் பையன்களும் பாடினார்கள்.

என்னைக் கேட்டால், அப்பாவின் ஆசையைத்தான் பார்க்க வேண்டும். மகன் 1505-இல் எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்ததும் ஹான்ஸ் அவரை 'நீங்கள்' என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். அடுத்தது சட்டப்படிப்பு. அதற்குள் ஜூலை 2 வந்துவிட்டது. மான்ஸ்ஃபெல்டிலிருந்து எர்ஃபர்ட்டுக்குத் திரும்பும் வழியில், ஸ்டோட்டர்ன்ஹைம் அருகே பக்கத்திலேயே இடி விழ, சுரங்கக்காரர்களின் புனிதையான அன்னாளைக் கூப்பிட்டு, துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டார். இரண்டு வாரத்தில் அகுஸ்தீன் மடத்துக்குள் போய்விட்டார். அப்பாவுக்கு வந்த கோபத்தில் மகன் மறுபடியும் 'நீ' ஆனார்!

1507-இல் லுத்தர் குருவாகி நடத்திய முதல் பூசைக்கு ஹான்ஸ் இருபது குதிரைவீரர்களோடு வந்து மடத்துக்கு இருபது குல்டன் (அன்றைய பொற்காசு) கொடுத்தார். பணக்கார வீம்புதான், வேறென்ன? விருந்தில் மகன் சமாதானம் பேசப் போக, "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக என்று வாசித்ததில்லையா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அந்த இடியே பிசாசின் வேலையாக இருக்கலாம் என்ற சந்தேகம் வேறு அவருக்கு.

1521-இல் துறவற நேர்ச்சைகளை எதிர்த்து எழுதிய புத்தகத்தை லுத்தர் அப்பாவுக்கே காணிக்கையாக்கினார். அன்று விருந்தில் கேட்ட சொல் தனக்குள் ஆழமாகத் தைத்துவிட்டதென்று அதன் முன்னுரைக் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்.