பேண்டில் ஒட்டுவது நாயுருவிதான்

பாதையோரம் நடக்கும்போது பேண்டில் முள் மாதிரி விதை ஒட்டுகிறது, செடியின் பெயர் சொல்லும் செயலியில் படம் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். நீளமான ஒற்றைக் கதிர், எதிரெதிராக இலைகள் என்கிறீர்கள். அப்படியானால் நாயுருவிதான். உறுதி செய்ய, கதிரை விரலால் கீழிருந்து மேலே தடவிப் பாருங்கள், குத்தும். மேலிருந்து கீழே தடவினால் அவ்வளவு குத்தாது. பூ முற்றியதும் தண்டோடு சேர்ந்து தலைகீழாகப் படிந்துவிடும், கூர்முனை தரையைப் பார்த்திருக்கும். உரசிப் போகிற துணியில் அதுதான் மாட்டிக்கொள்கிறது.

செயலியைத் திட்டாதீர்கள். தூரத்திலிருந்து முழுச் செடியையும் எடுத்தால் எல்லாம் ஒரே பச்சைதான். இலையின் அடிப்பக்கம், இலை தண்டில் சேரும் இடம், பூ என்று தனித்தனியாக எடுங்கள்.

புளிய இலை போன்ற இலையோடு ஒரு குட்டிச் செடியையும் பார்த்ததாகச் சொன்னீர்களே, அதைத் திருப்பிப் பார்த்தீர்களா? இலை வரிசைக்கு அடியில் கடுகு போல உருண்டைக் காய்கள் தொங்கினால் கீழாநெல்லி வகை. தொட்டதும் மடங்கினால் தொட்டாற்சுருங்கி.

அப்புறம், எருக்கஞ்செடி கண்ணில் பட்டால் இலைகளை நிதானமாகப் பாருங்கள். கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டை போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியுடையது. இலையை மட்டும் ஒடிக்க வேண்டாம், அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.