தன்னார்வக் குதிரைப்படைகளின் பழைய கொடிகளில் உங்களை மிகவும் ஈர்த்தது எது? ஏன்?

யோசிக்காமல் சொல்வேன்: அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் குதிரைப்படையின் 1775ஆம் ஆண்டுக் கொடி. 1774 நவம்பரில் அந்த ஊர்ச் செல்வந்தர்கள் சிலர் சேர்ந்து, குதிரை, சீருடை, ஆயுதம் எல்லாம் சொந்தச் செலவில் வாங்கித் தொடங்கிய படை அது. இன்றும் பென்சில்வேனியா தேசியக் காவல்படையின் ஓர் அங்கமாக இயங்குகிறது. உறுப்பினர்கள் பயிற்சிக்குக் கிடைக்கும் சம்பளத்தைப் படைக்கே திருப்பிக் கொடுத்துவிடும் வழக்கமும் தொடர்கிறது.

கொடி மஞ்சள் பட்டு. நடுவில் தங்க நிறத்தில் பதின்மூன்று சுருள்கள் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கும். அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்த பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் ஒற்றுமைக்கு அடையாளம். அதற்கு மேலே நெற்றியில் வெள்ளை நட்சத்திரம் கொண்ட ஒரு குதிரைத் தலை. அடியில் 'இவற்றுக்காகவே போராடுகிறோம்' என்ற பொருளில் ஒரு வாசகம்.

நான் நெடுநேரம் பார்ப்பது கம்பத்தை ஒட்டிய மேல் மூலையைத்தான். அங்கே நீலமும் வெள்ளியுமாகப் பதின்மூன்று பட்டைகள் இருக்கின்றன. அந்தப் பூச்சுக்கு அடியில் முதலில் வரைந்த பிரிட்டிஷ் யூனியன் கொடியின் தடம் தெரிகிறது. பிரிட்டிஷ் மன்னரின் குடிமக்களாக உரிமை கேட்டவர்கள், மன்னரையே எதிர்க்கத் துணிந்த காலத்தின் சாட்சி இந்த ஒரு சாண் பட்டு. நட்சத்திரமும் பட்டையும் கொண்ட தேசியக் கொடிக்குத் தீர்மானம் வந்ததே 1777 ஜூன் 14ஆம் தேதிதான்!

கொடியைக் கொடுத்தவர் படையின் முதல் கேப்டன் ஆபிரகாம் மார்க்கோ. வடிவமைத்தவர் ஜான் ஃபோல்வெல், வண்ணமும் தங்கப்பூச்சும் ஜேம்ஸ் கிளேபூல். மார்க்கோ டென்மார்க் மன்னரின் குடிமகன். பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் தன் குடிமக்கள் யாரும் கலந்துகொள்ளக் கூடாது என்று அந்த மன்னர் ஆணையிட்டதால் பதவியை விட்டு விலகினார். அவர் இல்லாமலே படை டிரென்டன், பிரின்ஸ்டன் போர்களுக்குப் போனது. தன் காசில் கொடி செய்து கொடுத்த மனிதருக்கு அதன் பின்னால் சவாரி செய்யக் கொடுத்துவைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

குதிரைப்படைகள் ஏந்தும் இன்னொரு வகைக் கொடியான கைடன் இதிலிருந்து வேறு. ரெஜிமென்ட்டின் உட்பிரிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று, வால் பிளந்த சிறு கொடி. ஓடும் குதிரையில் ஒரு கையில் கடிவாளம், மறு கையில் கம்பம். பெரிய துணியாக இருந்தால் காற்று ஆளையே இழுத்துவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல், கைடனுக்கும் நட்சத்திரம், பட்டை என ஒரே வடிவத்தை விதித்தார்கள். நீளம் 41 அங்குலம்தான். ஆனாலும் தன்னார்வ ரெஜிமென்ட்டுகள் சும்மா இருக்கவில்லை. தங்கள் பெயரையும் சண்டையிட்ட களங்களின் பெயர்களையும் அந்தப் பட்டைகள் மேலேயே எழுதி வைத்தார்கள். அப்படி எழுத்துள்ள கைடன் எங்கே கண்ணில் பட்டாலும் ஒவ்வொரு ஊர்ப்பெயரையும் நின்று படிக்காமல் நான் நகர்வதில்லை.