ஜன்னலைச் சாத்தியும் போகிப் புகை வீட்டுக்குள் வருவது எப்படி?

காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் 2.5 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைந்ததும் பி.எம். 2.5 எனப்படும். தலைமுடியின் தடிமனில் இது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. சென்னையில் போகி அதிகாலை எழும் புகையில் பெரும்பகுதி இந்த வகைதான்.

எந்த வீடும் முழுக்க அடைபட்டதல்ல. கதவின் அடி இடைவெளி, ஜன்னல் சட்டம், பாத்ரூம் வென்டிலேட்டர், ஏசி குழாய் போகும் துளை என்று பல வழிகள். 10 மைக்ரான் தூசு, அசையாத காற்றில் ஆளுயரத்திலிருந்து தரைக்கு வரப் பத்து நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாள் பிடிக்கும். அதனால் அது கீழே படியாமல் காற்றோடு சேர்ந்தே உள்ளே நுழைகிறது. டீ வடிகட்டி தூளை நிறுத்தும், சாயத்தை விட்டுவிடும். ஜன்னல் இடுக்கும் அப்படித்தான்.

புகை கிளம்பும் முன்பே, முதல்நாள் இரவே, ஜன்னல்களைச் சாத்துங்கள். கதவடியில் ஈரத்துண்டு வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள் (பலர் இதைத்தான் மறக்கிறார்கள்): அது வெளியே தள்ளும் அளவுக்கு வெளிக்காற்று இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கப்படும். கொசுவர்த்தி, ஊதுபத்தி வேண்டாம். ஹெப்பா வடிகட்டி (நுண்துகளையும் பிடிக்கும் வகை) உள்ள ஏர் பியூரிஃபையர் இருந்தால் படுக்கையறையில் ஓடட்டும். வெளியே புகை கலைந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வந்தது உள்ளேயே சுற்றும்.

ஏசி போட்டால் காற்று சுத்தமாகிவிடும் என்பது தவறு: சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, அதன் வலை பிடிப்பது முடியையும் பெரிய தூசையும் மட்டுமே.