மார்ச் மாதத்தில் வேல்ஸ் மலைப்பாதையில் 200 கி.மீ. சைக்கிள் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம்?

ஊரில் நூறு கிலோமீட்டர் வரை ஓட்டியிருக்கிறேன், இங்கிலாந்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, மார்ச் கடைசியில் வேல்ஸ் பக்கம் நடக்கும் 200 கி.மீ. பிரெவே (நேரக் கெடு உள்ள நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றுக்குப் பதிவு செய்யலாமா, அந்த மலையெல்லாம் ஏற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏறிவிடுவீர்கள். எனக்கு இருக்கும் கவலை எல்லாம் இறங்குவதைப் பற்றித்தான்.

நான் பிரிஸ்டலில் இருக்கிறேன். செவர்ன் பாலத்தைத் தாண்டினால் வேல்ஸ். அப்படி ஒரு பிரெவேயை இரண்டு வருஷம் அடுத்தடுத்து ஓட்டினேன். பாதையும் மாதமும் ஒன்றுதான். முதல் வருஷம் கெடு தாண்டி இருபது நிமிஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். இரண்டாம் வருஷம் நாற்பது நிமிஷம் மிச்சம். இடையில் என் கால்களுக்குப் புதிதாக எந்தப் பலமும் வந்துவிடவில்லை. சொல்லப்போனால் அந்த வருஷம் பயிற்சி குறைவு, எடை இரண்டு கிலோ கூடுதல்.

பிரெவே என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். இது பந்தயம் இல்லை. 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் ஒரு அட்டை தருவார்கள். வழியில் குறிப்பிட்ட இடங்களில், அதற்கென்று குறித்த நேரத்துக்குள், முத்திரை வாங்க வேண்டும். ஆள் இல்லாத இடமாக இருந்தால் ஒரு கேள்வி இருக்கும்: இந்தத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது மாதிரி. பதிலை அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்று தரவரிசையே கிடையாது. இப்படி 200, 300, 400, 600 என்று ஒரே பருவத்தில் முடிப்பவர்களுக்கு ஒரு பட்டம் உண்டு. அதற்கும் மேலே போனால் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1,200 கி.மீ. சென்னையிலும் கோவையிலும்கூட பிரெவே நடக்கிறது. ஆனால் அங்கே எதிரி வெயில். நான் பழகியதும் அந்த எதிரியோடுதான். அதனால்தான் முதல் வருஷம் மாட்டிக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்கு செப்ஸ்டோ கோட்டைக்குக் கீழே இருக்கும் கார் நிறுத்துமிடத்திலிருந்து கிளம்பினோம். 1067-இல் கட்ட ஆரம்பித்த கோட்டை அது, ஆற்றை ஒட்டிப் பாறை மேல் நிற்கும். கிளம்பும்போது 2 டிகிரி. கார் கண்ணாடிகளில் வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது. சுற்றி ஐம்பது அறுபது பேர், பாதிப் பேருக்கு என் அப்பா வயசு. எல்லார் சைக்கிளிலும் மட்கார்டு இருந்தது, என்னுடையதில் இல்லை. "மழை இல்லையே, எதற்கு?" என்று நினைத்திருந்தேன். இங்கே மார்ச்சில் சாலை காய்வதே இல்லை. வயலிலிருந்து கசியும் நீர், டிராக்டர் கொண்டுவந்து போட்ட சேறு, ஆட்டுப் புழுக்கை எல்லாம் கலந்த ஒரு குழம்பு சாலையின் நடுவே ஓடிக்கொண்டிருக்கும். அது பின்சக்கரம் வழியாக நேராக உங்கள் முதுகுக்கு வரும். அஸ்க் ஊரைத் தாண்டுவதற்குள் என் இடுப்புக்குப் பின்னால் முழுக்க ஈரம்.

அபர்கவென்னி வரை சும்மா மேடு பள்ளம்தான். அதைத் தாண்டி லான்தோனி பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் சாலை சுருங்கிவிடுகிறது. ஒரு கார் போகும் அகலம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு உயிர்வேலி. இந்த வேலியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பறவைகள் கூடு கட்டத் தொடங்குவதற்கு முன், பிப்ரவரிக்குள், விவசாயிகள் இயந்திரம் வைத்து வேலியை வெட்டி முடித்துவிடப் பார்ப்பார்கள். வெட்டிய முள்ளெல்லாம் சாலையில் கிடக்கும். நம் ஊர்க் கருவேல முள் அளவுக்குப் பெரிதில்லை, ஆனால் டயருக்கு அது போதும். முதல் வருஷம் இரண்டு பஞ்சர். வெயில் காலத்தில் எட்டு நிமிஷ வேலை. விரல் விறைத்துப்போன நிலையில் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றவே பத்து நிமிஷம் ஆனது. இன்னொன்று, பஞ்சர் ஒட்டும்போது டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்து முள்ளை எடுத்துவிட வேண்டும். விறைத்த விரலுக்கு முள் தெரியாது. எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது பஞ்சரும் அதே முள்ளால்தான்.

மற்றபடி அந்தப் பள்ளத்தாக்கு அழகு. பன்னிரண்டாம் நூற்றாண்டு மடாலயம் ஒன்று கூரை இல்லாமல் வளைவுகளோடு நிற்கிறது. அதைச் சுற்றி மஞ்சள் டாஃபோடில் பூக்கள். பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டிகள் முதுகில் நம்பர் எழுதியபடி நிற்கும். தாய்க்கும் அதே நம்பர் இருக்கும். நம் சட்டையிலும் நம்பர் குத்தியிருக்கிறார்களோ என்று ஒரு கணம் தோன்றும். குத்தவில்லை, அதுதான் பந்தயம் இல்லையே.

அதற்கு அப்புறம் வருவது காஸ்பல் பாஸ். 549 மீட்டர், வேல்ஸின் மிக உயரமான கணவாய்ச் சாலை. கேட்கப் பெரிதாக இருக்கிறதா? கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறியவருக்கு இது ஒன்றும் இல்லை. தெற்கிலிருந்து போனால் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் மெதுவாக ஏறிக்கொண்டே போகும், கடைசிக் கொஞ்ச தூரம்தான் செங்குத்து. கியர் மட்டும் லேசாக இருக்க வேண்டும். பின்சக்கரத்தில் 32 பல் உள்ள பெரிய பல்சக்கரம் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். இல்லாவிட்டாலும் இறங்கித் தள்ளுவதில் எந்த வெட்கமும் இல்லை, என் முன்னால் இரண்டு பேர் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். நான் தள்ளாமல் ஏறினேன். உடம்பு கொதித்தது. ஜாக்கெட்டைத் திறந்துவிட்டேன், கையுறையைக் கழற்றிப் பையில் போட்டேன். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் ஹே பிளஃப், இன்னொரு பக்கம் டும்பா என்ற மலை (திருவனந்தபுரத்தில் ராக்கெட் விடும் தும்பா ஞாபகம் வந்தது), எதிரே வை ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும். மலைக்குதிரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. நான் காற்றுக்கு முகத்தைக் காட்டி நின்று போட்டோ எடுத்தேன். ஐந்து நிமிஷம்.

அந்த ஐந்து நிமிஷம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நம் ஊரில் இறக்கம் என்பது ஏறியதற்குக் கூலி. வேர்த்து ஏறுகிறோம், காற்று வாங்கிக்கொண்டே இறங்குகிறோம். இங்கே கணக்கு தலைகீழ். ஏறும்போது உடம்பு அடுப்பு மாதிரி சூட்டைத் தருகிறது, வேகம் மணிக்கு 8 கி.மீ.தான், காற்றும் படுவதில்லை. பனியன் முழுக்க வேர்வை. இறங்கும்போது கால் சும்மா இருக்கிறது, அடுப்பு அணைந்துவிட்டது, வேகமோ 40. கீழே 6 டிகிரி என்றால் 450 மீட்டர் மேலே சுமார் 3 டிகிரிதான். அந்த 3 டிகிரிக் காற்றில் 40 கி.மீ. வேகத்தில் போனால் தோலுக்கு அது மைனஸ் 3 மாதிரி இருக்கும், அதுவும் காய்ந்த தோலுக்கு. ஈரத் துணி போர்த்திய உடம்புக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கிலோமீட்டர் இறங்கியதும் நடுங்க ஆரம்பித்தேன். நடுக்கம் கையில் வந்தால் ஹேண்டில்பாரும் நடுங்கும், முன்சக்கரம் தள்ளாடும். பிரேக் பிடிக்க விரலுக்குத் தெம்பு இல்லை. கண்ணில் நீர் கொட்டுகிறது. சாலையில் குழி, பனிக்காலத்தில் அடித்து வந்த சரளை, நடுவில் படுத்திருக்கும் ஆடு. ஏறும்போது ஒரு தடவைகூடப் பயப்படாதவன், அந்த ஆறேழு கிலோமீட்டர் இறக்கத்தில் இரண்டு தடவை இறங்கி நின்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழ்நோக்கி நடந்தவன் அன்றைக்கு நான் ஒருவன்தான் இருப்பேன்.

கீழே ஹே-ஆன்-வை. பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர் போன ஊர். இந்த ஊரைப் புத்தக ஊராக்கிய ரிச்சர்ட் பூத் 1977 ஏப்ரல் 1-ஆம் தேதி தன்னையே ஹேயின் ராஜாவாக அறிவித்துக்கொண்டார். புத்தகப் பைத்தியமான எனக்கு அங்கே ஒரு கடையைக்கூட எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை என்றால் என் நிலைமை புரியும். முத்திரை வாங்க வேண்டிய இடம் ஒரு சின்ன டீக்கடை. ஹெல்மெட் கொக்கியை என்னால் கழற்ற முடியவில்லை. கடைக்கார அம்மா வந்து குழந்தைக்குக் கழற்றுவது மாதிரி கழற்றிவிட்டார். அட்டை வேர்வையில் ஊறி மை கலங்கியிருந்தது. டீக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கெடுவைத் தவறவிட்டது அந்த ஒரு மணி நேரத்தால்தான்.

எதிரில் உட்கார்ந்து ரொட்டி மேல் வேகவைத்த பீன்ஸ் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், ஜாக்கெட்டை எங்கே மாட்டினாய் என்று. திறந்தபடியே இருந்தது, நடுங்க ஆரம்பித்த பிறகுதான் ஜிப்பைப் போட்டேன் என்றேன். அவர் தன் முறையைச் சொன்னார். உச்சிக்கு முந்நூறு மீட்டர் முன்னாலேயே, காற்று மறைவான ஒரு மேட்டுக்குப் பக்கத்தில், உடம்பு சூடாக இருக்கும்போதே நின்றுவிட வேண்டும். ஜாக்கெட், காய்ந்த கையுறை, தலைக்குத் துணித் தொப்பி எல்லாம் மாட்ட வேண்டும். வாயில் ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு உச்சியில் நிற்கவே கூடாது, நேராக இறக்கம். இறங்கும்போதும் லேசாக பிரேக் பிடித்தபடி பெடலை மிதித்துக்கொண்டே போக வேண்டும், அடுப்பு அணையக் கூடாது. அப்புறம் தன் சட்டையைத் திறந்து காட்டினார். நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே நான்காக மடித்த செய்தித்தாள். பழைய சைக்கிள் வீரர்களின் வித்தை அது. காற்றை அடைக்கும், ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், நனைந்துபோனால் எறிந்துவிட்டு அடுத்த டீக்கடையில் வேறு எடுத்துக்கொள்ளலாம்.

மீதித் தூரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொல்ல அதிகம் இல்லை. டால்கார்த், பிரெக்கன், பிறகு அஸ்க் ஆற்றோடு கீழே கிரிக்ஹவல், அபர்கவென்னி, ராக்லன். மார்ச்சில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் கடைசி ஞாயிறுக்கு முன்பு, ஆறரை வாக்கில் சூரியன் போய்விடுகிறது. கெடு ஒன்பதரை என்பதால் கடைசி மூன்று மணி நேரம் இருட்டில். நல்ல விளக்கு வேண்டும், பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும் என்பதால் இன்னொரு விளக்கும் வேண்டும். டின்டர்னிலிருந்து செப்ஸ்டோவுக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் எல்லாரும் திட்டுவார்கள். நான் திட்டவில்லை. ஏறும்போது சூடாக இருந்தது.

ஒன்பது ஐம்பதுக்குப் போய் அட்டையைக் கொடுத்தேன். செல்லாது என்று தெரிந்தும் வாங்கிப் பார்த்துவிட்டு, சூப் ஊற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் அம்மாவிடம் போனில் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்க பஸ்ஸே கிடையாதா?" என்றார்.

அடுத்த வருஷம் பெரியவர் சொன்னதை அப்படியே செய்தேன். மஞ்சள் மட்கார்டு மாட்டினேன் (கடையில் தள்ளுபடியில் கிடைத்தது அந்த நிறம்தான்). தோலோடு ஒட்டும் உள்ளாடை பருத்தியில் வேண்டாம், கம்பளியில் வாங்கினேன். நனைந்தாலும் பருத்தி மாதிரி சில்லென்று ஒட்டாது. கையுறை இரண்டு ஜோடி, ஒன்று பிளாஸ்டிக் பையில் காய்ந்தபடி. அட்டையும் பிளாஸ்டிக் பையில். முள்ளுக்குத் தடித்த டயர், முள் பிடுங்க ஒரு சின்ன சாமணம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து இரண்டு கிலோவுக்கு மேல் கனம் கூடியிருப்போம், ஏற்றத்தில் பத்து நிமிஷம் கூடுதலாக ஆனது. ஹேயில் இருபது நிமிஷம்தான் உட்கார்ந்தேன், அதில் ஐந்து நிமிஷம் ஒரு புத்தகக் கடையில். ஒன்றும் வாங்கவில்லை, கனம் தூக்க முடியாது.

நீங்கள் நூறு ஓட்டியவர். இப்போதிலிருந்து வாரக் கடைசியில் 120, 150 என்று இரண்டு மூன்று தடவை குளிரிலேயே ஓட்டிப் பாருங்கள். தூரத்தைவிட, எந்தத் துணி எந்தக் குளிருக்கு என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பயிற்சி. இரண்டு நாள் முன்னால் வானிலை பாருங்கள். சாலையில் பனிக்கட்டி என்று எச்சரித்தால் போகவே வேண்டாம், கட்டிய பணம் போனால் போகட்டும்.

மற்றபடி தாராளமாகப் பதிவு செய்யுங்கள். நீங்கள் சொல்வது இதே நிகழ்வாக இருந்தால், காஸ்பல் பாஸ் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், மஞ்சள் மட்கார்டு போட்ட சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு சட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டிருப்பவன் நானாகத்தான் இருப்பேன். உங்களுக்கும் சேர்த்து இரண்டு தாள் எடுத்து வருகிறேன்.