அறுவடை வருடத்துக்கு இரண்டு, தவணை பன்னிரண்டு: கார் கடன் நிலுவையில் விழுந்தால்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் 15 மா (சுமார் 5 ஏக்கர்) சொந்த நிலத்தில் விவசாயம். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 5 லட்சம் கடன் வாங்கி செகண்ட் ஹேண்ட் கார் எடுத்தேன். வட்டி 10 சதவீதம் என்றார்கள். மாதம் 12,500 வீதம் 60 தவணை. 24 தவணை ஒழுங்காகப் போனது. இந்த சம்பா மழையில் சாய்ந்துவிட்டது, அறுத்த நெல்லும் ஈரத்தோடு கிடக்கிறது. ஜனவரி 5, பிப்ரவரி 5 தவணைகள் இரண்டும் ரிட்டர்ன். இரவு 9 மணிக்கு ஆள் வந்து வண்டியைத் தூக்கிவிடுவோம் என்கிறார்கள். நவக்கிரகக் கோயில் சவாரி ஓட்டிக் கட்டலாமா, இல்லை விற்றுவிடலாமா? தம்பிக்கும் கார் கடன் இரண்டு இடத்தில் மறுத்துவிட்டார்கள். என்ன காரணம்?

பதில்: முதலில் தேதியைப் பார்ப்போம். உங்கள் பழைய நிலுவை ஜனவரி 5-ஆம் தேதியுடையது. அதிலிருந்து 90 நாள் ஏப்ரல் 5-இல் முடிகிறது. அதுவரை உங்கள் கணக்கு 'தாமதக் கணக்கு'தான். அதைத் தாண்டினால் வாராக்கடன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. வாராக்கடன் ஆகாத வரை, ஒரே ஒரு தவணை கட்டினாலும் அது பழைய நிலுவைக்குப் போய்ச் சேரும். ஜனவரித் தவணை தீர்ந்தால் நாள் கணக்கு பிப்ரவரி 5-இலிருந்து எண்ணப்படும். கையில் 25,000 இல்லை, 12,500-தான் இருக்கிறது என்றால் அதையாவது கட்டுங்கள், ஒரு மாதம் மூச்சு கிடைக்கும். வாராக்கடன் ஆன பிறகு இந்த வழி அடைபடும். மொத்த நிலுவையையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

பயிர்க்கடனுக்கு வாராக்கடன் கணக்கு பருவத்தை வைத்துப் போடப்படுகிறது, அதனால் கார் கடனுக்கும் அறுவடை வரை பொறுப்பார்கள் என்று டெல்டாவில் பலர் நினைக்கிறார்கள். பொறுக்க மாட்டார்கள். நிலம் வைத்திருப்பவர் வாங்கினாலும் கார் கடன் கார் கடன்தான், அதற்கு 90 நாள்தான்.

பணத்தை வீட்டுக்கு வரும் ஆளிடம் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கிளையிலோ கம்பெனியின் ஆப்பிலோ கட்டி ரசீது வாங்குங்கள். மறுநாள் கணக்கு விவரத்தை, அதாவது ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுன்ட்டை, கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டிய 12,500-ஐ ரிட்டர்ன் சார்ஜ், அபராதம் என்று முதலில் கழித்துக்கொண்டு, தவணையில் சில நூறு ரூபாய் பாக்கி என்று காட்டுவது உண்டு. அந்தச் சில நூறால் ஜனவரித் தவணை தீராமல் நிற்கும், நாள் கணக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். 'இது தவணைக்கு மட்டும்' என்று மின்னஞ்சலிலோ கடிதத்திலோ எழுதிக் கேளுங்கள். அபராதத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. புதுக் கடன்களுக்கு 1.4.2024 முதலும், பழைய கடன்களுக்கு அதே ஆண்டின் நடுப்பகுதிக்குள்ளும் நடைமுறைக்கு வந்தது. கணக்கு விவரத்தில் அப்படி ஏறியிருந்தால் கேட்கலாம்.

கணக்கில் பணமில்லாமல் தானியங்கிப் பிடித்தம் திரும்புவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம், பிரிவு 25-இன்படி அது செக் ரிட்டர்ன் மாதிரியே வழக்காகலாம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பணம் கட்ட வாய்ப்பு உண்டு. நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் லாபம் இல்லை.

இரவு 9 மணி விஷயம். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மிரட்டுவதும், அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்துவதும் கூடாது. வந்தவரிடம் அடையாள அட்டையும் கம்பெனியின் அங்கீகாரக் கடிதமும் கேளுங்கள், தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். புகாரை முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448, கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கியில் பதிவாகாத உள்ளூர் ஃபைனான்ஸ் என்றால் இந்த வழி உதவாது, காவல் நிலையம்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஃபார்ம் 29, 30-இல் வெற்றுக் கையெழுத்து போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். அவை உரிமை மாற்றப் படிவங்கள்.

வண்டியை எடுக்கவே முடியாதா என்றால், முடியும். ஒப்பந்தத்தில் அந்த உரிமை எழுதப்பட்டிருக்கும். ஆனால் எத்தனை நாள் நோட்டீஸ், எப்படி எடுப்பார்கள், ஏலத்துக்கு முன் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு என்ன என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். கட்டாயப்படுத்திச் சாவியைப் பிடுங்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை, 112-க்கு அழைக்கலாம். அதற்காக வண்டியைச் சொந்தக்காரர் வீட்டுக் கொட்டகையில் ஒளித்து வைக்காதீர்கள். அது உங்கள் பக்கத்து நியாயத்தைத்தான் கெடுக்கும்.

விற்பதா என்ற கேள்விக்கு ஒரு கணக்கு. உங்களுக்குச் சொன்ன 10 சதவீதம் ஃப்ளாட் வட்டி. 5 லட்சத்துக்கு வருடம் 50,000, ஐந்து வருடத்துக்கு 2.5 லட்சம், மொத்தம் 7.5 லட்சத்தை 60-ஆல் வகுத்தால் 12,500. அசல் குறையக் குறைய வட்டி குறையும் முறையில் பார்த்தால் இது ஏறத்தாழ 17.27 சதவீதம். உண்மையான 10 சதவீதமாக இருந்தால் தவணை 10,624-தான் வந்திருக்கும். 24 தவணையில் 3 லட்சம் கட்டிவிட்டீர்கள், ஆனாலும் அசல் பாக்கி சுமார் 3.49 லட்சம் நிற்கும். அதன் மேல் நிலுவைத் தவணைகளில் சேர்ந்த வட்டி, அபராதம், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம்.

ஆகவே கம்பெனியிடம் ஃபோர்குளோஷர் கடிதம் கேட்டு வாங்குங்கள், இன்றைய தேதிக்கு முடிக்க எவ்வளவு என்று அதில் இருக்கும். மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ இரண்டு இடத்தில் வண்டிக்கு விலை கேளுங்கள். விலை பாக்கியை விட அதிகமாக வந்தால் விற்பதே நல்லது. வாங்குபவர் பணத்தை நேரே கடன் கணக்கில் கட்டட்டும், தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-உம் வந்த பிறகு பெயர் மாற்றுங்கள். ஏலத்தில் போனால் விலை குறையும், பிடித்த வண்டியை நிறுத்தி வைக்கும் யார்டு வாடகை ஏறும், மீதிப் பாக்கிக்கும் நீங்களே பொறுப்பு. விலை பாக்கிக்குக் கீழே என்றால், நெல் கொள்முதல் பணம் வரும் வரை வண்டியைக் காப்பாற்றுவதுதான் வழி. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் கிடைத்தால் இரண்டு தவணைக்கு மட்டும் வாங்கலாம். 17 சதவீதத்துக்கு மேல் ஓடும் கடனை அதைவிடக் குறைந்த வட்டியில் அடைப்பதில் தப்பில்லை. நாள்தோறும் ஏறும் மீட்டர் வட்டிப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

நெல்லுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நிறுத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. தளர்வு வரும் என்று காத்திருக்கும் நாளும் அந்த 90-க்குள்தான் ஓடுகிறது. காயவைத்துக் கொஞ்சமாவது முதலில் போட்டால் ஒரு தவணைக்கு ஆகும்.

சவாரி யோசனையைக் கைவிடுங்கள். சொந்த போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவான) வண்டியை வாடகைக்கு ஓட்டுவது பர்மிட் விதிமீறல். ஆலங்குடிக்கும் திருநாகேஸ்வரத்துக்கும் நடுவில் ஒரு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும், வண்டி போயும் கடன் நிற்கும்.

இனி தம்பி. மறுப்புக்கு இரண்டே காரணம்தான் பெரும்பாலும்: வருமானம் தாளில் இல்லை, அல்லது கடன் அறிக்கையில் ஏதோ இருக்கிறது. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தரவேண்டும், அதை எடுத்துப் பாருங்கள். மதிப்பெண் 300 முதல் 900 வரை, 750-க்கு மேல் இருந்தால் வசதி. எண்ணைவிட உள்ளே உள்ள வரிகள் முக்கியம். நண்பருக்குப் போட்ட ஜாமீன் நிலுவையில் இருக்கலாம். பழைய டூவீலர் கடன் 'செட்டில்டு' (பேசிக் குறைத்துக் கட்டியது) என்று இருக்கலாம். அது முழுதாகக் கட்டி முடித்த 'குளோஸ்டு' ஆகாது. மனைவியை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால் அவருடைய மகளிர் குழுக் கடனும் கணக்கில் வரும். தவறான பதிவு என்றால் ஆட்சேபம் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் பலர் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்வதில்லை, வங்கிக்குக் காட்ட எதுவும் இல்லாமல் போகிறது. வரி இல்லாவிட்டாலும் விவசாய வருமானத்தைக் குறிப்பிட்டுத் தாக்கல் செய்யலாம். அதைவிட வலுவான சாட்சி வங்கிக் கணக்கில் நேரே ஏறிய கொள்முதல் பணம். வியாபாரியிடம் களத்திலேயே ரொக்கத்துக்கு விற்றிருந்தால் அந்த மகசூல் வங்கிக்குத் தெரியாது. சிட்டா அப்பா பெயரில் இருந்தால் அவரையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்க வேண்டும். மடத்து நிலம், கோயில் நிலம் குத்தகை என்றால் குத்தகை ரசீதும் தம்பி பெயருள்ள அடங்கலும் வேண்டும்.

இப்போது மூன்றாவது இடத்தில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கும். சம்பா பணம் ஏறிய பிறகு, பயிர்க்கடன் வைத்திருக்கும் வங்கியில் மட்டும் கேளுங்கள். வருட நிகர வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து, எல்லாத் தவணையும் சேர்ந்து அதில் 40 சதவீதத்துக்குள் நிற்கும் தொகையாகக் கேளுங்கள். அரையாண்டுத் தவணை உண்டா என்றும் விசாரியுங்கள். விவசாயிகளுக்குத் தரும் இடங்கள் சில உண்டு. இல்லையென்றால் தவணைக்குத் தனிக் கணக்கு வைத்து, சம்பா பணத்தில் ஏழு தவணையும் குறுவைப் பணத்தில் ஐந்தும் எடுத்து அதில் போட்டுவிட வேண்டும். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு வீட்டுப் பெண்களிடம் இருக்கட்டும். கையெழுத்துக்கு முன் முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 1.10.2024 முதல் அது கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் ஒரே வரியில் இருக்கும், ஃப்ளாட் வட்டி அங்கே ஒளிய முடியாது.