தன்னார்வ மென்பொருள் குழுவின் தளத்துக்கு எந்த வடிவமைப்பு? கேள்வி பதில்

கட்டற்ற மென்பொருள் குழுக்கள் சில தங்கள் தளத்தை மாற்றப் போகின்றன. பார்வையற்றவர், கை நடுக்கம் உள்ளவர், பழைய போன் வைத்திருப்பவர் எல்லோருக்கும் எட்டுகிற வடிவமைப்பு, அதாவது தீம், எது என்று வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரில் தளங்களைச் சோதிப்பதுதான் என் வேலை. சர்வர் வாடகை கேட்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: மேடம், மூன்று தீம் தேர்ந்து வைத்திருக்கிறோம். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் எது நல்லது என்று சொல்வீர்களா?

ஸ்கிரீன்ஷாட்டில் எதுவும் தெரியாது. டெமோ பக்கத்தைத் திறந்துகொண்டு மவுசைக் கழற்றி வையுங்கள். டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். முதல் அழுத்தலில் 'உள்ளடக்கத்துக்குச் செல்' என்ற இணைப்பு தலைகாட்ட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு அழுத்தலுக்கும் இப்போது எந்த இணைப்பில் நிற்கிறோம் என்பதைக் காட்டும் கட்டம் கண்ணில் பட வேண்டும். பல தீம்களில் அந்தக் கட்டம் அசிங்கமாக இருக்கிறதென்று ஒரே வரி நிரலில் அழித்திருப்பார்கள். மெனு விசையால் திறக்கிறதா, எஸ்கேப் அடித்தால் மூடுகிறதா என்று பாருங்கள். மேலே ஒட்டிக்கொண்டே வரும் தலைப்பட்டை, நீங்கள் நிற்கும் இணைப்பை மறைக்கிறதா என்றும் பாருங்கள். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற உலகளாவிய இணைய அணுகல் விதித்தொகுப்பு இதற்கென்றே ஒரு விதியைச் சேர்த்தது.

அடுத்து என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை நிறுவுங்கள். விண்டோஸில் ஓடும், காசு கிடையாது. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய நிரலாளர் 2006இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. அதில் எச் விசையை அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும். தலைப்புகளை மட்டும் கேட்டே பக்கத்தில் என்ன இருக்கிறதென்று புரிந்தால் தீம் தேறியது. பெரிய எழுத்துக்காகத் தலைப்புக் குறியை இஷ்டத்துக்குப் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: வேர்ட்பிரஸில் 'அணுகலுக்குத் தயார்' என்ற குறியுள்ள தீம் எடுத்தால் போதுமா?

தளத்தை உலாவியிலேயே நிர்வகிக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அது நல்ல தொடக்கம். அந்தக் குறியைக் கொடுக்கும் முன் ஆட்கள் கையால் சோதிக்கிறார்கள். ஆனால் அது தீமுக்கு மட்டும்தான். நீங்கள் போடும் படம், கூடுதல் வசதிக்குச் செருகும் ப்ளகின் எதற்கும் அது பொறுப்பேற்காது.

கேள்வி: எங்கள் டிசைனர் பத்திகளுக்கு #777777 சாம்பல் கேட்கிறார். வெள்ளைப் பின்னணியில் மென்மையாக இருக்கிறதாம்.

வெள்ளையோடு அதன் வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 4.48. சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜி கேட்பது 4.5. #767676 என்று மாற்றினால் 4.54, தேறிவிடும். டிசைனர் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் கோட்டைத் தொட்டுத் தேறுவதில் என்ன பெருமை? தமிழ் எழுத்துக்கு இன்னும் கருமை வேண்டும். மெல்லிய எழுத்துருவில் வெளிர்நிறம் கொடுத்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'கல்' என்பதை 'கல' என்று படிக்க வேண்டிவரும். #444444 போடுங்கள், வரி இடைவெளியை எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறைக்காதீர்கள்.

கேள்வி: ஒரு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் தளம் முழுக்க அணுகல்தன்மை பெறும் என்று ஒரு விட்ஜெட் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். இப்படி ஒரு கருவி எந்தத் தளத்தையும் விதிகளுக்கு உட்படுத்திவிடும் என்று விளம்பரம் செய்த நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது. அப்படிப்பட்ட விட்ஜெட்டின் பொம்மை ஐகானை அழுத்தியதும் என் ஸ்கிரீன் ரீடரோடு சண்டை போடும் தளங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, வேர்ட்பிரஸே எதற்கு? உரைக் கோப்புகளை முன்கூட்டியே பக்கங்களாக்கித் தரும் ஹ்யூகோவில் நிலைத்தளம் கட்டினால் வேகம், பாதுகாப்பு இரண்டும் கிடைக்குமே?

கிடைக்கும் தம்பி. கட்டியவர் வேலை மாறி வெளியூர் போனபின் அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பை யார் போடுவார்? தன்னார்வக் குழுவில் ஆள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். கோப்பு மாற்றங்களைப் பதிந்து அனுப்பும் கருவியான கிட் பொருளாளருக்குத் தெரியாதென்றால் தளம் அன்றோடு உறைந்துவிடும்.

அதே தம்பி மீண்டும்: பார்வையற்ற நண்பர் ஒருவர்தான் எங்கள் குழுவில் அதிகம் எழுதுகிறார். அவருக்கு மார்க்டவுன் கோப்பு, அதாவது எளிய குறிகள் கொண்ட வெறும் உரைக் கோப்பு போதும். பதிவு எழுதும் வேர்ட்பிரஸ் தொகுப்பானில்தான் திணறுகிறார்.

சரி, இது வலுவான வாதம். படிப்பவருக்கு எட்டினால் போதாது, எழுதுபவருக்கும் எட்ட வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. கட்டம் கட்டமாக அடுக்கும் புதிய தொகுப்பானை வேர்ட்பிரஸ் கொண்டுவந்த 2018இல், அணுகல்தன்மைக் குழுவுக்குத் தலைமை வகித்தவரே விலகினார். அதன்பின் நிறையத் திருத்தியிருக்கிறார்கள், இருந்தாலும் வெறும் உரைக் கோப்பின் எளிமை அதற்கு வராது.

இடையில் இன்னொருவர்: அப்படியானால் நீங்களும் ஹ்யூகோ கட்சிதானே?

கட்சி இல்லை. ஹ்யூகோ தீம்களில் மவுஸ் இல்லாமல் நகரவே முடியாதவையும் உண்டு. அதையும் டேப் விசையால் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்.

அதே தம்பி: பொருளாளருக்கு கிட் சொல்லித் தந்துவிடலாம்.

தாராளமாக. ஒருவருக்கு அல்ல, இரண்டு பேருக்குச் சொல்லித் தந்து, அவர்கள் உங்கள் உதவி இல்லாமல் ஓர் அறிவிப்பைப் போட்டுக் காட்டட்டும். அது நடந்தால் ஹ்யூகோ, இல்லாவிட்டால் வேர்ட்பிரஸ். இந்த விவகாரத்தில் இதற்கு மேல் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பக்கத்தில் ஸ்கிரீன் ரீடர் உளறுகிறது.

பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் போய்த் தடுமாறுகிறது. வேர்ட்பிரஸில் பொது அமைப்புகளுக்குப் போய்த் தளத்தின் மொழியைத் தமிழாக மாற்றுங்கள். நிர்வாகப் பகுதியும் தமிழாகிறதே என்பவர்கள் தங்கள் சுயவிவரத்தில் மட்டும் ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய ஆண்டறிக்கைகள் பாமினியில் தட்டச்சான பிடிஎஃப். அப்படியே ஏற்றலாமா?

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு. கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும் சொல், கோப்பின் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். தேடுபொறிக்கும் அகப்படாது. எல்லா மொழிக்கும் பொதுவான குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃபாக இல்லாமல் சாதாரணப் பக்கமாகவே போடுங்கள். மாற்றியில் போட்டு எடுத்தபின் ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நிகழ்ச்சி அறிவிப்பை போஸ்டர் படமாகப் போடுகிறோம். போதாதா?

போதாது. தேதி, நேரம், இடம் மூன்றையும் கீழே எழுத்தாக எழுதுங்கள்.

கேள்வி: மேடம், எது நல்ல தீம்? பெயர் மட்டும் சொல்லுங்கள்.

மவுஸைக் கழற்றினீர்களா?

கேள்வி: முகப்பில் தானாக ஓடும் படவரிசை வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக இருக்கிறார்.

5 விநாடிக்கு மேல் தானாக ஓடும் எதையும் நிறுத்த ஒரு பொத்தான் வேண்டும் என்பது விதி. அந்தப் பொத்தானை வைத்துவிட்டுத் தலைவரிடமே காட்டுங்கள். அவரே முதல் ஆளாக அழுத்துவார்.

கேள்வி: இதற்கெல்லாம் இந்தியாவில் சட்டம் இருக்கிறதா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. எண்ணிம அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்பளித்தது. உங்கள் குழுவுக்கு எது எப்படிப் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: எழுத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க மேலே பொத்தான்கள் வைக்கலாமா?

வேண்டாம், உலாவியிலேயே அது இருக்கிறது. பெரிதாக்கும்போது உங்கள் தளம் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. கணினியில் 400 விழுக்காடு வரை பெரிதாக்கிப் பாருங்கள். வரியைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருந்தால் தோல்வி. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தான்களில் 'பதிவிறக்கம்' பாதியில் வெட்டுப்படும். பொத்தானின் அகலத்தைக் கட்டிப்போடாமல் விட்டுவிட்டால் அந்தப் பிரச்சினை வராது.